மைப்படி எடுத்த சுவர்

ஒன்று

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வருத்தத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

1. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய சிவன் கோயிலைப் புதுப்பித்தார்கள். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம், வேலை தொடங்கும் முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்க விரும்பியது.

2. காரைக்குடிப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்த நான் படியெடுத்துக் கொடுத்தேன்.

3. கடைசிப் பகுதியில் நான் செய்த தவறால் மை கல்லில் இறங்கிவிட்டது.

4. கறை தெரியக் கூடாது என்று அந்தக் கற்களை ஒரு விரற்கடை கொத்தி எடுத்தார்கள். எழுத்தும் போயிற்று.

5. அந்த எழுத்து, கோயிலில் பதிகம் பாடும் பெண்களின் வம்சத்துக்கு விட்ட வீட்டுமனையைப் பற்றியது. அந்த மனையில்தான் சொர்ணக்கா குடியிருந்தார்.

6. சங்கத்துக்கு நூல்நிலையம் கட்ட இடம் தேவைப்பட்டது. சொர்ணக்காவுக்குத் தன் உரிமையைக் காட்டக் கல் இல்லை.

7. அவர் வீட்டை இடித்தார்கள். எனக்குக் கலியாணமாகி மலாயாவுக்கு வந்தேன்.

8. எட்டு வருஷம் கழித்து, சில மாதங்களுக்கு முன், அந்த நூல்நிலையத்தின் ஆண்டு மலர் எனக்குத் தபாலில் வந்தது. நான் எடுத்த படி அதில் அச்சாகியிருக்கிறது.

சொர்ணம் என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் இப்போது இருக்கும் ஊரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும். என் மகளைத் தவிர மற்றவர்களுக்குப் பெயரே கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

இரண்டு

ஈப்போவில் என் நாள் ஒரே மாதிரி போகிறது. காலையில் கணவர் ஆபீசுக்கும், என் மகள் கமலா கான்வென்ட் பள்ளிக்கும் போன பிறகு, சர்வேயர் ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து சுருட்டிய படங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாம் ஈயச் சுரங்க நிலங்கள். படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, கறுப்பு மையில் கோடு கோடாகப் படியெடுப்பேன். இதற்கு டிரேசர் வேலை என்று பெயர். என் அப்பா சிவகங்கைச் சமஸ்தானத்து அளவைக் கச்சேரியில் செய்த வேலைதான். அவரிடம் கற்றுக்கொண்டு, அரசாங்க ஓவியப் பரீட்சையில் மேல்நிலையும் தேறியிருக்கிறேன். படத்தின் கீழே 'படியெடுத்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் சர்வேயரின் உதவியாளர் தன் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறார். பெண் பிள்ளை கையெழுத்து இருந்தால் நில இலாகாவில் கேள்வி வருமாம்.

மலர் வந்த அன்று நான் வேலையை முடித்துவிட்டுத்தான் பிரித்தேன். முதலில் சங்கத் தலைவர் படம். அடுத்தது நூல்நிலையத்தின் படம்: முகப்பில் ஏழு தூண், மேலே யாழ் ஏந்திய ஒரு பெண்ணின் சுதைச் சிற்பம். பதினேழாம் பக்கத்தில் கறுப்பு மேல் வெள்ளையாக என் படி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் காகிதம் கிழிந்த இடம் அப்படியே விழுந்திருந்தது.

பள்ளியிலிருந்து வந்த கமலா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது.

"இது சிலேட்டா அம்மா?"

"இல்லே. கல்லுல இருந்த எழுத்து. தமிழ்தான்."

"பொய். தமிழ்னா தாத்தா காயிதம் மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும். இது குச்சி குச்சியா இருக்கு."

"பழைய தமிழ். இங்குட்டு உக்காரு, சொல்லித் தாறேன்."

"எனக்கு சுக்கா இல்லேம்மா" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றப் போனாள். சுக்கா என்றால் மலாய் மொழியில் பிரியம். அவள் மூன்று மொழியில் ஒன்றையும் முழுசாகப் பேசுவதில்லை. ஊரில் இருக்கும் என் அப்பாவுக்குக் கடிதத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால், நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி எழுதுகிறாள். அப்பா அதைப் படித்துவிட்டுப் பேத்தியின் தமிழ் அழகாயிருக்கிறது என்று பதில் போடுகிறார். நான் இரண்டு பேரையும் திருத்தவில்லை.

பதினேழாம் பக்கக் கட்டுரை தலைவர் எழுதியது. கல்வெட்டை முழுவதும் அச்சிட்டு, வரிக்கு வரி பொருள் சொல்லியிருந்தார். 'அந்நாளிலேயே நம் முன்னோர் இசை வல்ல மகளிருக்கு மனை வழங்கிப் போற்றினர்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொரு வரி: 'அந்த மனையிலேயே இன்று நம் நூல்நிலையம் எழுந்திருப்பது, கலைக்குக் கொடுத்தது கலைக்கே பயன்படுகிறது என்பதைக் காட்டுகிறது.'

அதற்கும் கீழே, சிறிய எழுத்தில்: 'படி உதவியது: ஓர் ஓவிய ஆசிரியை.'

மூன்று

அந்த நாட்களை இப்போது மறுமலர்ச்சிக் காலம் என்கிறார்கள். அப்போதே அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். நான் கேலி செய்யவில்லை. நான் அதை நம்பினேன்.

ஊருக்கு ஒரு சங்கம். ஆண்டு விழா என்றால் மூன்று நாள், காலையில் சொற்பொழிவு, மாலையில் பாட்டு. மச்சில் கரையான் தின்றுகொண்டிருந்த ஏட்டுக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். காரைக்குடியில் அச்சகங்கள் ஓய்வில்லாமல் ஓடின. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தவர்கள் ஊர் திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி 'நம்ம ஊர்ல சங்கம் வச்சாச்சா?' என்பதுதான். எங்கள் பள்ளியும் அந்த வேகத்தில் வந்ததே. நாட்டரசன்கோட்டைப் பக்கத்து எளிய வீட்டுப் பெண்ணான எனக்கு, அளவுகோலும் கவராயமும் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்த காலம் அது. அதை மறந்து எழுதினால் பொய் எழுதியதாகும்.

படியெடுக்கும் முறையைச் சென்னையிலிருந்து வந்த ஓர் அறிஞர் சங்கத்தாருக்கு ஒரு தடவை செய்து காட்டினார். மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்:

சுவரை நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். தடித்த காகிதத்தை நனைத்துக் கல்லின் மேல் ஒட்ட வேண்டும். விறைப்பான தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்படி செய்ய வேண்டும். பாதி காய்ந்ததும், விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையைத் தோல் பந்தால் ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். முழுதும் காய்ந்த பிறகு உரிக்க வேண்டும். இதற்குத்தான் மைப்படி என்று பெயர்.

'காகிதம் தடிப்பாக இருப்பது முக்கியம்' என்றும் குறித்திருந்தேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அந்த வரியின் கீழ் நானே கோடும் போட்டிருக்கிறேன்.

நான்கு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குதிரை வண்டியில் அந்த ஊருக்குப் போவேன். மொத்தம் ஏழு வாரம். கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டிய சந்தில் ஒரே ஒரு ஓட்டு வீடு. இரண்டாவது வாரம் அந்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் செம்பில் நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தபடி நின்றார். நாற்பது வயதிருக்கும். பிறகு வாய்விட்டு, தடையில்லாமல் மூன்று வரி படித்தார்.

சங்கத்துப் புலவர் ஒருவர் அதே மூன்று வரிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி அக்கா படிக்கிறீக?"

"எங்க ஆத்தா விரலைப் பிடிச்சு இந்தக் கல்லுலதான் எழுதப் பழக்குனா. பலகை ஏது எங்களுக்கு?" என்று சிரித்தார். "நீ எந்த ஊரு ஆத்தா? கையெல்லாம் கரியா நிக்கிறே. கலியாணப் பொண்ணு மருதாணி வைப்பாக, நீ கரி வச்சிருக்கே."

அவர்தான் சொர்ணக்கா. கோயிலில் பாடுகிற வம்சத்தில் அவரும் அவருடைய பத்து வயது மகளும் மட்டுமே மிச்சம். கோயிலில் அவர் பாடுவது நின்று சில வருஷமாகியிருந்தது. சங்கம் வந்த பிறகு, பாட்டுக்குத் தனியாகப் பட்டணத்திலிருந்து ஆள் வருவார்கள். அப்படி வந்த ஒரு நல்ல குடும்பத்துப் பெண்மணி, விழாவுக்கு முன் ஒரு மாதம் சொர்ணக்காவிடம் பின் வாசல் வழியாக வந்து பாடம் கேட்டுவிட்டுப் போய், மேடையில் பாடியதும் உண்டு. அதைச் சொல்லும்போதும் சொர்ணக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பாட்டு முன்னாடி போச்சு. நான் பின்னாடி இருந்து கேட்டேன்."

நான் படியெடுக்க, அவர் படிக்க, நான் எழுதிக்கொள்ள, வேலை வேகமாக நடந்தது. வடக்குச் சுவரின் கடைசிப் பகுதியைக் கையால் தடவிக் காட்டி, "இது எங்க வீட்டுச் சமாசாரம்" என்றார். கோயிலில் பதிகம் பாடும் பெண்களுக்கும் அவர்கள் வழியில் வருகிறவர்களுக்கும், வடக்கு மதிலை ஒட்டிய மனை, நான்கு எல்லையோடு, சூரிய சந்திரர் உள்ளவரை விடப்பட்டது என்று அதில் இருந்தது.

"மனைக்குப் பட்டா எங்கேன்னு யாரும் கேட்டா நான் சொவத்தைக் காட்டுவேன்" என்றார்.

ஏழாவது வாரம், அந்தப் பகுதிக்கு வந்தபோது தடித்த காகிதம் தீர்ந்துவிட்டது. சென்னைக்கு எழுதினால் பத்து நாள் ஆகும். திங்கட்கிழமை சாரம் கட்டப் போகிறார்கள். நான் காரைக்குடிக் கடையில் பட்டம் ஒட்டுகிற மெல்லிய காகிதம் வாங்கி, இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டினேன். தூரிகை பட்டு இடது ஓரம் கிழிந்தது. மை ஊடுருவியது. படி நன்றாகவே விழுந்தது. உரித்துப் பார்த்தால் கல் கறுப்பாக இருந்தது. இரண்டு முழ நீளம், ஒரு முழ உயரம்.

மணல் போட்டுத் தேய்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சொர்ணக்கா தேங்காய் நார் கொண்டுவந்தார். பிசின் கலந்த கரி அப்படிப் போகாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொழுது சாய்கிற வரை தேய்த்தோம்.

ஐந்து

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை. இதை ஒரு பெருமையாக எழுதவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் திருப்பணி அவசரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்களோ என்று இன்றும் தோன்றுகிறது.

அவர் கோபப்படவில்லை. "டீச்சரம்மா, நீக செஞ்சிருக்கிறது பெரிய காரியம். கறைக்கெல்லாம் கவலைப்படாதீக. கும்பாபிஷேகத்துக்கு வெளியூர்ப் பெரிய மனுசரெல்லாம் வாராக. அதுக்குள்ள நாங்க பாத்துக்கிடுறோம்" என்றார்.

"மழையிலே தானா வெளுத்துரும். ரெண்டு வருஷம் ஆகும். எழுத்து மேல கை வைக்க வேண்டாம்."

"அதான் நீக காயிதத்துல எடுத்துட்டீகளே. இனிமே அது கல்லுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அடுத்த சனிக்கிழமை போனேன். வடக்குச் சுவரின் அந்தப் பகுதி புதிதாக வெட்டிய கல் போல வெளுத்திருந்தது. கீழே கல்தூள் குவியல். கல்தச்சர் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு விரக்கடைதான் எடுத்தோம். எப்படிப் பளிச்சுன்னு வந்துருச்சு பாருங்க!" அவர் நல்ல வேலைக்காரர். தான் செய்ததைக் காட்டுகிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. நான் ஆமாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஊர்க் கூட்டம். கோயில் மண்டபத்தில், ஆண்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் நான்கைந்து பெண்கள் தூணுக்குப் பின்னால். நூல்நிலையத்துக்கு வடக்கு மனைதான் பொருத்தம் என்று பேசினார்கள். காற்று வரும், சத்தம் இராது, கோயிலுக்குப் பக்கம். சொர்ணக்காவை முன்னால் கூப்பிட்டார்கள்.

"இது என் மனை. எழுதிக் குடுத்திருக்கு" என்றார்.

"எங்கே எழுதியிருக்கு?"

"கோயில் சொவத்துல."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "எந்தச் சொவம்? வந்து காட்டு" என்று எழுந்தே விட்டார். கூட்டமும் எழுந்தது. சொர்ணக்கா அசையவில்லை. அவருக்கு அந்தச் சுவர் தெரியும். அவர் வீட்டு வாசலுக்கு எதிரே இருப்பது.

நான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து படியைக் கொடுத்தேன். கூட்டத்தில் பெண் எழுந்து பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. நான் அதிகம் பேசவும் இல்லை: "இதுல இருக்குங்க. கொத்துறதுக்கு முன்னாடி நான் எடுத்தது."

தலைவர் வாங்கி விரித்து, நேரம் எடுத்துப் பார்த்தார். "அழகா எடுத்திருக்கீக டீச்சரம்மா. ஆனா இது நீக மை போட்ட காயிதம். நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு காயிதம் கொண்டாருவாரு. கல்லு இருந்தா நானே கும்பிட்டு ஒத்துக்கிடுவேன்." பிறகு அதைப் பத்திரமாகச் சுருட்டி, "இது பாதுகாக்க வேண்டிய பொருள். சங்கத்துல இருக்கட்டும்" என்று பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் கொடுத்துவிட்டேன். இரண்டாவது பிரதி எடுக்கவில்லை. எடுக்கக் கல் இல்லை. கையால் ஒரு நகலாவது எழுதி வைத்திருக்கலாம். ஏழு வாரம் ஒவ்வொரு வரியையும் எண் போட்டுக் குறித்துச் சங்கத்தில் கொடுத்தவள் தனக்கென்று அந்த ஒன்றைச் செய்யவில்லை.

வீட்டை இடித்த அன்று சொர்ணக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு கல்லல் ஊருக்குப் போகிற வண்டியில் ஏறினார். என்னிடம், "நீ அழுவாத. உனக்கு வேலை போயிரும்" என்றார்.

ஆறு

தலைவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? எட்டு வருஷமாக இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கிறேன்.

தெரியாது என்பதற்கு: அவருக்குப் பழைய எழுத்துப் படிக்கத் தெரியாது, மலருக்குப் புலவர் படித்துக் கொடுத்திருப்பார். கறையைக் கொத்தச் சொன்னது விழாவுக்காக. நூல்நிலையப் பேச்சு அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

தெரியும் என்பதற்கு: நான் வாராவாரம் சங்கத்தில் கொடுத்த குறிப்பில் அந்த மனையைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தேன். அவர் குறிப்புகளைப் படிக்கிறவர். சுவரில் வேறு இடங்களில் எண்ணெய்க் கறை இருந்தது. அவற்றைக் கொத்தவில்லை.

கூட்டம் நடந்த நான்காம் மாதம் என் அப்பாவைத் தேடி அவரே ஆள் அனுப்பினார். மலாயாவில் நல்ல மாப்பிள்ளை, அரசாங்க வேலை, சீர் ஒன்றும் கேட்கவில்லை. "சங்கத்துக்கு இவ்வளவு செஞ்ச பொண்ணு. நம்மதான் பாத்துச் செய்யணும்" என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். என் கணவர் நல்லவர். அதனால் இந்த வரியை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

ஏழு

மலரைப் படித்த மறுநாள் என் அண்ணனுக்கு எழுதினேன். அவர் சிவகங்கையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் சொன்னதாக அண்ணன் எழுதிய பதில்: மனையை மீட்கப் பன்னிரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். முன்பு காகிதத்தை ஏற்க மறுத்தவரே அதை உண்மை என்று தன் பெயரில் அச்சிட்டிருப்பது நல்ல சாட்சி. இந்த மனைதான் அந்த மனை என்று அவரே எழுதியிருப்பது அதைவிட நல்ல சாட்சி. படியெடுத்தவள் நான் என்று ஒரு சத்தியப் பத்திரம் வேண்டும். மனையை உரியவர் கேட்க வேண்டும்.

உடனே கல்வெட்டு வாசகத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, அண்ணன் விசாரித்து எழுதிய விலாசத்தில் சொர்ணக்காவுக்கு மலரையும் ஒரு கடிதத்தையும் அனுப்பிவிட்டு, சத்தியப் பத்திரத்துக்காக இங்குள்ள கச்சேரிக்குப் போனேன். மேசையில் இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன அலுவலாய் வந்தனீங்கள்?"

"ஒரு சத்தியப் பத்திரம் செய்யணும். மனை விஷயம்."

"உங்கட காணியோ?"

"இல்லை. இன்னொருத்தருடையது."

பேனாவைக் கீழே வைத்தார். "உங்கட காணி இல்லையெண்டால் உங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்? சரி, தொழில்?"

"டிரேசர்."

"அது உங்கட அவரின்ர தொழிலெல்லோ?"

"அவருக்கு வேற தொழில். இது என்னுடையது."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கட்டத்தில் இங்கிலீஷில் 'மணமானவர்' என்று எழுதினார்.

முதல் வாரம் அதிகாரி லீவு. இரண்டாம் வாரம், கல்வெட்டு வாசகத்துக்கு லைசென்ஸ் உள்ள மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் வயதானவர், அமைதியானவர். கல்வெட்டில் 'பதிகம் பாடும் தேவரடியார்' என்று வரும் இடத்தில் அவர் போட்ட இங்கிலீஷ் வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். மாற்றச் சொன்னேன்.

"அம்மா, அகராதியில இதுதான் இருக்கு. நானா கண்டுபிடிச்சேன்?"

"கல்லில் பாடுகிறவர்கள் என்றும் இருக்கிறது. அதை மட்டும் எழுதுங்கள்."

"கோர்ட்டுல அவங்க கேட்பாங்களே, யார் இந்தப் பாடுறவங்கன்னு. அப்ப என்ன சொல்வீங்க?"

அரை மணி நேரம் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'பாடும் பெண்டிர்' என்று வருகிற வார்த்தையைப் போட்டுக் கையெழுத்திட்டார். நான்காம் வாரம் முத்திரை விழுந்தது.

வீட்டில் கணவர் பத்திரத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "நம்மளச் சேத்து வச்ச மனுசன் மேலேயே கேசு."

"வேணாம்னு சொல்றீகளா?"

"வேணாம்னு சொல்லலே. ஊருக்குப் போனா எவன் வீட்ல தண்ணி குடிக்கிறதுன்னு யோசிக்கிறேன்." பிறகு, "அனுப்பு" என்றார்.

எட்டு

அனுப்பவில்லை. மறுநாள் சொர்ணக்காவின் பதில் வந்தது. அவர் பேசுவது போலவே எழுதுவார். அதில் பெரும்பகுதியைக் கீழே கொடுக்கிறேன்.

'ஆத்தா, புத்தகம் வந்துச்சு. ரெண்டு தரம் படிச்சேன். நீ எடுத்தது நல்லா விழுந்திருக்கு. எங்க ஆத்தா விரல் வச்ச எழுத்தை மறுபடி பாத்தேன். அதுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

கேசு போடச் சொல்றே. போட்டா நான் கூண்டுல ஏறணும். நீ யாரு, உங்க ஆத்தா யாரு, அவளுக்கு ஆத்தா யாருன்னு கேப்பாக. நான் இன்னாருன்னு சொன்னாத்தானே மனை எனக்கு? அன்னைக்குன்னா சத்தமாச் சொல்லியிருப்பேன். நான் வெக்கப்பட்டவ இல்லே. இப்ப புள்ளைய ஒரு வாத்தியார் வீட்ல குடுத்திருக்கேன். மருமகன் மேடையெல்லாம் பேசுறவரு. தமிழ்னா உசுரு. எங்க குலம் ஒழியணும்னும் பேசுறாரு. அவரு சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லே, பொண்ணுகளுக்கு நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா அவரு வீட்ல நான் புள்ளைக்குத் தூரத்துச் சின்னம்மா. தாய் தகப்பன் செத்துப் போச்சுன்னு சொல்லித்தான் கட்டிக்குடுத்தேன்.

பேத்தி பொறந்திருக்கா. தூக்குனேன். பாட்டு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். வாயைத் தொறந்து ஒரு வரி பாடினா, எங்க கத்துக்கிட்டீகன்னு கேப்பாக. அதனால வீட்ல யாருக்கும் நான் பாடுவேன்னு தெரியாது.

அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போட்டுரு. மனை வந்து நான் யாரை வச்சு வாழப் போறேன்? நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. புத்தகத்தை நான் வச்சுக்கிட முடியலே. அடுப்புல போட்டுட்டேன்.'

இரண்டு நாள் சர்வேயர் படங்களைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டேன். கமலா வந்து, "அம்மா, அந்தச் சிலேட்டுப் படத்துல என்ன எழுதியிருக்கு?" என்று தானாகவே கேட்டாள். ஒரு வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறது என்றேன். யார் வீடு என்றாள். சொல்லவில்லை. நான்தான் அவளுக்குக் கதை சொல்ல மாட்டேன் என்கிறேன், அவள் தமிழ் மறக்கிறாள் என்று வருத்தமும் படுகிறேன்.

இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. ஆகவே பெயரில்லாமல் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். உங்களில் சிலர் அந்த நூல்நிலையத்து மேசையிலேயே இதைப் படிப்பீர்கள். காற்று நன்றாக வரும் என்று கூட்டத்தில் சொன்னார்கள், வருகிறதா என்று எனக்குத் தெரியாது.

இன்றைய நிலைமை இதுதான். மூலப்படி, மலரில் போட்டிருக்கிறபடி, சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. சத்தியப் பத்திரத்தை நான் கிழிக்கவில்லை. முத்திரையோடு என் பெட்டியில் இருக்கிறது. சொர்ணக்கா மகள் வீட்டில் தூரத்துச் சின்னம்மாவாக இருக்கிறார். பாடுவதில்லை. வழக்குப் போடச் சட்டத்தில் இன்னும் நான்கு வருஷம் இடம் இருக்கிறது. வழக்கு இல்லை.